ஐம்பது கஜத்துக்கு அப்பால்

வட்டிலில் சோற்றைப் போட்டு, கொள்ளு ரசத்தை ஊற்றிவிட்டுக் கமலாத்தாள் நிமிர்ந்தபோது, சங்கையா உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. புண்ணாக்குக் கடையை நடுப்பகலில் பூட்டிவிட்டு வருகிற மனிதரல்ல அவர். மனைவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போலச் சொல்ல ஆரம்பித்தார்.

"'பொழுது சாயற நேரமுங்க. என்ற ஊட்டுக்காரரு என்னைய அடிச்சுப் பொறத்தால தள்ளித் தாப்பாப் போட்டுட்டாருங்க. நான் தொவைக்கிற கல்லு மேல உக்காந்திருந்தனுங்க. சாட்சி இவ்விடத்தில் சற்று நிறுத்தினாள்.' இது ஆரு சொன்ன பேச்சு?"

கமலாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அத்தனையும் அவள் சொன்னவைதான், சாட்சி நிறுத்தியதைத் தவிர. முந்தாநாள் பயணியர் பங்களாவில், கதவைச் சாத்திய அறையில், ஜட்ஜிக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் மட்டும் சொன்னவை. மூன்றாவது காது அங்கே கிடையாது என்று சொல்லித்தான் அவளைப் பேச வைத்தார்கள்.

"ஆருங்க சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"வேலப்ப ஏட்டு. ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, ஒரு வரி உடாமப் படிச்சுக் காட்டினாரு."

பிறகு, அடித்ததைச் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம், அடிக்காத புருஷன் எந்த ஊரில் இருக்கிறான் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அவருடைய வேதனை வேறு இடத்தில் இருந்தது.

"அந்த மரமேறிக்கு நம்மூட்டுச் செம்புல தண்ணி குடுத்தேன்னு சொல்லியிருக்கறயே, அது எந்த ஊரு ஞாயம்?"

அடித்த கைக்கு வெட்கமில்லை, தண்ணீர் கொடுத்த கைக்காக வெட்கப்படுகிற ஜாதிமான் அவர். அவரைத் தனியாகக் குறை சொல்லிப் பயனில்லை. மலையாளச் சீமைச் சித்தூருக்குக் கிழக்கே பஸ் திரும்புகிற நல்லாம்பதியில், தராசை அப்படிப் பிடிக்கத்தான் எல்லோருக்கும் தெரியும்.

அந்த மரமேறியின் பெயர் செங்கோட்டையன். இருபது வருஷமாகப் பனையேறியவர். ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தினசரி ஒரு குடம் கள் சும்மா போய்க்கொண்டிருந்தது. மாசி மாதத்தில் ஒரு நாள் அதை அவர் நிறுத்தினார். நான்காம் நாள் காலையில் பனையடியில் பிணமாகக் கிடந்தார். மரத்திலிருந்து விழுந்து செத்ததாக ஸ்டேஷனில் எழுதினார்கள். முதல் நாள் மாலை விழுந்தவரைக் காலையில்தான் பார்த்தார்களாம். அவருடைய பாளைக்கத்தியும் கள்ளுக்குடுவையும் மட்டும் வீட்டு ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கத்தியும் குடுவையும் இல்லாமல் வேடிக்கை பார்க்கப் பனையேறிய முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் மனைவி செல்லாத்தாள் நடையாய் நடந்தாள். பனையேறிகள் ஒரு வாரம் மரமேறாமல் இருந்தார்கள். கள் இல்லாவிட்டால் பெரிய மனிதர்களுக்கும் நீதியில் அக்கறை பிறந்துவிடுகிறது. சர்க்கார் ஒரு விசாரணைக்கு உத்தரவிட்டு, ஓய்வு பெற்ற ஜட்ஜி ஒருவரைச் சித்திரையில் அனுப்பியது.

ஜட்ஜி நல்லவர். அதில் சந்தேகமே வேண்டாம். ஸ்டேஷனைப் பற்றிய விசாரணையில் ஸ்டேஷன்காரர்கள் பக்கத்தில் நின்றால் சாட்சிகள் வாய் திறக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். எந்தப் போலீஸ்காரரும் பங்களாவுக்கு ஐம்பது கஜத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். சர்வேயர் சங்கிலி போட்டு அளந்து, சுண்ணாம்பில் கோடு கிழித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்து நிழலில் ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும், ஒரு கால் விரலைக்கூட இந்தப் பக்கம் வைக்காமல், நாளெல்லாம் யோக்கியமாக நின்றார்கள். சாட்சியின் மொழி, அங்கே வாக்குமூலத்துக்கு மொழி என்றுதான் பெயர், ரகசியம் என்று தமுக்கடித்தும் சொல்லப்பட்டது.

மாலை நாலரைக்கு விசாரணை முடியும். ஐந்து மணிக்கு மொழிகள் எல்லாம் ஸ்டேஷனுக்குப் போகும்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பங்களா அலமாரியைக் கரையான் தின்றிருந்தது. ரகசியக் காகிதங்களை இரும்புப் பெட்டியில் பூட்டி, துப்பாக்கிக் காவலில் வைக்க வேண்டும் என்று சட்டம். ஊரில் இரும்புப் பெட்டி ஒன்றுதான் உண்டு, துப்பாக்கியும் ஒன்றுதான். இரண்டும் ஸ்டேஷனில் இருந்தன. குமாஸ்தா சைனுதீன் பாலக்காட்டுக்காரர், சட்டத்தின் காற்புள்ளிக்குக்கூட மரியாதை கொடுப்பவர். தினமும் காகிதக் கட்டுக்கு அரக்கு முத்திரை வைத்துத் தானே சுமந்துபோய் ஏட்டிடம் கொடுத்து, பத்திரமாகப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவார், காலையில் போய் எடுத்து வருவார். பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம். ஸ்டேஷன் பெட்டியாகையால் மற்றொன்று ஸ்டேஷனிலேயே இருந்தது, முத்திரை கலையாமல் அரக்கைப் பெயர்க்கத் தெரிந்த கையும் இருந்தது. ஆள் வரக்கூடாத தூரத்தை அளந்தவர்கள், காகிதம் போகக்கூடாத தூரத்தை அளக்க மறந்துவிட்டார்கள்.

ஏட்டு வேலப்பன் யாரையும் மிரட்டவில்லை. உண்மை பேசுகிற சாட்சியிடம் ஒரு தொல்லை உண்டு. 'நீ அந்த நேரத்தில் அங்கே ஏன் இருந்தாய்' என்று கேட்டால் அதற்கும் உண்மையையே சொல்லித் தொலைப்பான். செங்கோட்டையனைக் கைகட்டி இழுத்துப் போனதைப் பார்த்த பள்ளிக்கூட வாத்தியார், தான் கள்ளுக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். சைக்கிள் கடைக்காரர் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியதைச் சொல்லியிருந்தார். ஏட்டு கொலைப் பக்கத்தைத் தொடவே மாட்டார். இந்தப் பக்கத்தை மட்டும் அவரவர் மேலதிகாரிக்கோ மாமனாருக்கோ படித்துக் காட்டுவார். மறுநாளே சாட்சி பங்களாவுக்கு ஓடி, அன்று கண் கூசியது, ஆள் சரியாகத் தெரியவில்லை என்று மாற்றி எழுதிக் கொடுப்பான். ஒரே வாரத்தில் ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை மங்கிவிட்டது. ஜட்ஜிக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீரில் ஏதாவது கோளாறா என்று குமாஸ்தாவைக் கேட்டாராம்.

மிச்சம் இருந்த கண் கமலாத்தாளுடையதுதான்.

அவள் வீட்டுப் புறக்கடையும் ஸ்டேஷன் புறக்கடையும் ஒரே கள்ளி வேலிக்கு இரண்டு பக்கம். பிணம் கிடைத்ததற்கு முந்தின மாலை, ரசத்தில் உப்புக் கூடியதற்காக வெளியே தள்ளப்பட்டு அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தபோது, செங்கோட்டையனை வேலியோரத் தென்னையில் கட்டிவைத்துவிட்டுக் கான்ஸ்டபிள் பின்கதவைத் திறக்கச் சுற்றிக்கொண்டு போயிருந்தார். மனிதர் தன் காலில் நின்றார், தண்ணீர் கேட்டார். கை இரண்டும் கட்டியிருந்தபடியால் இவள்தான் வேலிக்கு மேலாகச் செம்பை நீட்டி வாயில் வைத்தாள். பிறகு கான்ஸ்டபிள் வந்து அவிழ்த்து உள்ளே கூட்டிப்போனார். செங்கோட்டையன் நடந்தேதான் உள்ளே போனார். இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பனையிலிருந்து விழுந்த கதையைக் கீழே தள்ள இது போதும்.

எந்தச் செம்பு என்று ஜட்ஜி கேட்டதற்கு அதையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். கல்யாணத்தில் தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைச் செம்பு. கழுத்தில் அவள் அம்மா முத்தாத்தாளின் பெயர் வெட்டியிருக்கும்.

சங்கையா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஸ்டேஷனிலேயே டைப் அடித்தது. சாட்சிக்கு அடிக்கடி புத்தி கலங்கும், அன்றைக்குத் தான் யாரையும் பார்க்கவில்லை, தன் கணவர் தன்னைத் தொட்டதேயில்லை என்று மலையாளத்தில் இருந்தது. நாளைக் காலை பங்களாவில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் தாய்வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான் என்றார். செம்பைப் புளி போட்டு ஏழு தரம் தேய்த்துக் குப்பையில் எறியச் சொல்லிவிட்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுக் கடைக்குப் போனார். ஏழு தரம் தேய்த்த பிறகு ஏன் எறிய வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

தாய்வீட்டில் அம்மா போய் நாலு வருஷம். அண்ணிமார் இரண்டு பேர். கமலாத்தாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவும்போது வேலியின் கோடியில் ஆள் நிற்பது தெரிந்தது. செல்லாத்தாள்.

சங்கதி அவளுக்கும் எட்டியிருந்தது. கெஞ்ச வந்தவள் போல இல்லை. நீங்கள் மாற்றிச் சொன்னாலும் நான் வருத்தப்படமாட்டேன், குடும்பம் முக்கியம் என்று சொல்லிவிட்டு இன்னும் கிட்ட வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க அம்மிணி. தண்ணிய முழுங்கினாருங்களா? இல்ல, வாயோட போச்சுங்களா?"

"ரெண்டு செம்பு குடிச்சாரு செல்லாத்தா. இன்னும் வேணுமான்னு கேட்டேன். போதுமாத்தான்னாரு."

செல்லாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கமலாத்தாள் செம்பை எடுத்து, புளி போட்டு, ஒரே ஒரு தரம் பளபளவென்று தேய்த்து வைத்தாள்.

மறுநாள் காலை சங்கையா முன்னால் நடக்க, அவள் துணிப்பையோடு பின்னால் போனாள். பையில் என்ன என்று கேட்டார். வெயிலுக்குத் தண்ணீர் என்றாள். சுண்ணாம்புக் கோட்டருகே ஏட்டு இருவரையும் பார்த்து, சொந்தக்காரரைப் போலத் தலையசைத்தார். சங்கையா பங்களா முற்றத்தில் நின்றுகொண்டார். கதவு சாத்தப்பட்டது.

ஜட்ஜி தாளைப் படித்துவிட்டு, இதுவும் கண்ணா என்று அலுத்துக்கொண்டார்.

"கண்ணெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள் கமலாத்தாள். "இது ஸ்டேஷன்ல அடிச்ச கடுதாசிங்க. நான் இங்க சொன்னதை அங்க வெச்சு என்ற ஊட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டியிருக்காங்க. சாட்சி நிறுத்தினாள்ங்கறது மொதக்கொண்டு சொல்றாருங்க."

ஜட்ஜி நம்பவில்லை. குமாஸ்தாவோ அடிபட்டவர் போல எழுந்து, அரக்கு முத்திரை, இரும்புப் பெட்டி, துப்பாக்கிக் காவல், தினசரிக் கையெழுத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அந்த இரும்புப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஜட்ஜி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். ஸ்டேஷனில் என்று பதில் வந்தது.

ஏட்டைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கோட்டைத் தாண்ட எழுத்துமூலம் அனுமதி வேண்டுமாகையால், அதை எழுதி, கையெழுத்திட்டு, வாசலுக்கு அனுப்பி, ஏட்டு அதைப் படித்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்து சலாம் வைக்கக் கால் மணி நேரம் பிடித்தது. தலைக்கு மேல் வெயில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டியைக் காவல் காப்பதுதான் தன் வேலை, கட்டின் நூலைக்கூடத் தொட்டதில்லை என்று சத்தியம் செய்தார். இந்த அம்மாள் உள்ளே என்ன சொன்னார் என்று தனக்குத் தெரியாது, சங்கையாவிடம் எதுவும் பேசியதுமில்லை. நிழலிலேயே நின்று நின்று இன்று வெயிலில் நடந்ததில் நாக்கு வறண்டுவிட்டது, வேறு குறையில்லை என்றார்.

"தண்ணி குடுக்கலாமுங்களா?" என்று கமலாத்தாள் ஜட்ஜியைக் கேட்டாள். அவர் தலையசைத்தார்.

பையிலிருந்து செம்பை எடுத்து நீட்டினாள். ஏட்டு மகிழ்ச்சியோடு இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து வாய்க்கு நேராகத் தூக்கும்போது கழுத்தில் வெட்டியிருந்த பெயர் கண்ணுக்கு முன்னால் வந்தது. முத்தாத்தாள். செம்பு அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி மேஜைமேல் உட்கார்ந்தது. அவர் விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

தாகம் என்றாரே, குடிக்கவில்லையா என்று ஜட்ஜி கேட்டார்.

"வேண்டாமுங்க."

"எந்து கொண்டு?" ஏன் என்பதை ஜட்ஜி தம் மலையாளத்தில் கேட்டார்.

வேறொருவராக இருந்தால் வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருப்பார். வேலப்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது, பத்து நிமிஷத்தில் மூன்று சொல்லியிருந்தார். ஆனால் ஜாதி விஷயத்தில் அவர் பொய் சொன்னதில்லை.

"மரமேறி வாய் வெச்ச செம்புங்க எசமான்," என்றார்.

குமாஸ்தாவின் பேனா நின்றது. ஜட்ஜி காகிதக் கட்டை இழுத்துப் பக்கத்தைப் புரட்டினார். முத்தாத்தாள் பெயர் வெட்டிய செம்பு. அவருடைய விரல் அந்த வரியில் இருந்தது. இது உமக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவே இல்லை. ஏட்டுக்கும் அப்போதுதான் தான் சொன்னது தன் காதில் விழுந்தது.

ஜட்ஜிக்கு நல்ல கோபம் வந்தது. நல்லவர்களுக்குக் கோபம் வந்தால் உத்தரவு எழுதுவார்கள். சிவப்பு மையில் எழுதினார். இந்த விசாரணையின் காகிதங்களை எந்தப் போலீஸ் உத்தியோகஸ்தரும் திறக்கவோ படிக்கவோ நகலெடுக்கவோ கூடாது. விசாரணையில் சொல்லப்பட்டதை யாரும் வெளியில் சொல்லவும் கூடாது. மீறினால் தண்டனை. ஏட்டு மேல் நடவடிக்கை எடுக்கத் தனியாக ஒரு சிபாரிசும் எழுதினார். குமாஸ்தா உத்தரவை மூன்று பாஷையில் உரக்கப் படித்தார். ஏட்டும் அடக்கமாகக் கேட்டுக்கொண்டார்.

"இந்தக் கடுதாசிய எங்கீங்க வெப்பீங்க?" என்று கமலாத்தாள் கேட்டாள்.

ஜட்ஜி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தரையைப் பார்த்தார். புதுப் பெட்டிக்குத் திருச்சூருக்கு எழுதலாம், நாற்பது நாளில் வரும், அதுவரை சட்டப்படி, என்று இழுத்தார். ஜட்ஜி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு ராஜ்யத்தின் சட்டமெல்லாம் அவர் கையில் இருந்தது, ஒரு பூட்டுத்தான் இல்லை.

கமலாத்தாள் ஸ்டேஷன் தாளை மடித்து மேஜைமேல் வைத்தாள். தன் பழைய மொழியின் கீழே, கேட்காமலே, மறுபடி ஒரு கையெழுத்துப் போட்டாள். செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால், பஸ்ஸுக்கு நிற்பவர்களும் கடைக்காரர்களும் பனையேறிகளுமாக ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். சங்கையா முற்றத்தில் குடையோடு நின்றிருந்தார். அவள் அவரைத் தாண்டி நடந்து, கோட்டின் மேலேயே நின்றாள்.

"போலீஸுக்குத் தெரிஞ்ச சங்கதிங்க. உங்களுக்கு மட்டும் எதுக்குத் தெரியக்கூடாது?"

அறைக்குள் சொன்னதையெல்லாம் அங்கே நின்று சொன்னாள். ரசத்தில் உப்புக் கூடியதை, அடி வாங்கியதை, தாழ்ப்பாளை, துவைக்கிற கல்லை, தென்னையில் கட்டியிருந்த கயிற்றை, இரண்டு செம்புத் தண்ணீரை, செங்கோட்டையன் நடந்து உள்ளே போனதை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பஸ் வந்து திரும்பி நின்றது, ஒருவரும் ஏறவில்லை. சங்கையா குடையை முகத்துக்கு நேராக இறக்கிக்கொண்டார். மானம் என்று எதைப் பயந்து பூட்டி வைத்திருந்தாரோ அது நடுரோட்டில் கிடந்தது. இனி அதைக் காட்டி அவரை யாரும் டீ குடிக்கக் கூப்பிட முடியாது.

அவள் முடித்ததும் சைக்கிள் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு பங்களாவுக்குள் போனார். வாத்தியார் யோசித்துக்கொண்டு நின்றார். அவரும் போனார், ஆனால் சாயங்காலம்.

சங்கையா அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மை அதுவல்ல. அன்றிலிருந்து பொழுது சாய்கிற நேரத்தில் செல்லாத்தாளும் இன்னும் நாலைந்து பனையேறிப் பெண்களும் கள்ளி வேலியின் கோடியில், சந்துப் பக்கமாக விறகு பொறுக்க வந்தார்கள். தினமும் அந்த இடத்தில் பொறுக்க அவ்வளவு விறகு கிடையாது. வீட்டுக்குள் ஒரு வட்டில் சத்தமாக விழுந்தால் ஐந்து தலை நிமிரும். சங்கையா ரசத்தை உப்போடு குடிக்கப் பழகிக்கொண்டார்.

ஜட்ஜியின் உத்தரவு வீண்போகவில்லை. எட்டாம் நாளே அதன்படி முதல் வழக்குப் பதிவாயிற்று, கமலாத்தாள் மேல். விசாரணையில் சொல்லப்பட்டதை வெளியில் சொன்ன குற்றம். பொழுது சாயும் நேரத்தில் சம்மனை எடுத்துக்கொண்டு வேலப்பன் ஏட்டே வந்தார். அவர் மேல் போன சிபாரிசு பரிசீலனையில் இருந்தது.

படித்துக் காட்டச் சொன்னாள். அவர் வாசலில் நின்றபடி படித்தார். புளியமரத்தடியில் பிரதிவாதி பேசியதை, இரும்புப் பெட்டியிலுள்ள அவளுடைய மொழியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்ததில், ஒரு சொல்லும் மாறாமல் ஒத்திருப்பதால், குற்றம் ருசுவாகிறது.

"அந்த வரிய இன்னொருக்காப் படிங்க ஏட்டய்யா," என்று சொல்லிவிட்டு, வேலிப்பக்கம் திரும்பிச் செல்லாத்தாளைக் கூப்பிட்டாள். அவள் வந்து நின்ற பிறகு ஏட்டு மறுபடி படித்தார். ஒரு சொல்லும் மாறாமல் ஒத்திருக்கிறது. பாதியில் அவர் குரல் இறங்கியது. எழுதியது ஸ்டேஷன் ரைட்டர், கையெழுத்து எஸ்.ஐ.யுடையது. அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவர்கள் யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை.

"அப்ப நீங்க பெட்டியத் தொறந்து படிச்சீங்கன்னு நான் சொன்னது நெசந்தானுங்க. நீங்களே முத்திரை வெச்சுக் குடுத்திட்டீங்க."

ஏட்டு சம்மனைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார். ஒரு சின்னத் தப்பு இருக்கிறது, திருத்திக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். அதற்குள் கமலாத்தாள் அதை நாலாக மடித்திருந்தாள். மாடத்தில் முத்தாத்தாள் செம்பு இருந்தது. அதற்குள் போட்டு, வாசற்படியிலேயே, ஏட்டின் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வேணுமுன்னா எடுத்துக்குங்க," என்றாள்.

வேலப்பன் செம்பைப் பார்த்தார். குனியப் போனவர் குனியவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். வழக்கு நடந்த ஏழு மாதமும் அந்தக் காகிதம் பூட்டும் சாவியும் இல்லாமல் அந்தச் செம்புக்குள்ளேயே இருந்தது, ஒரு போலீஸ்காரரும் தொடவில்லை.